அமெரிக்க பாஸ்போர்ட் புதுப்பிக்க ஏஜென்டிடம் 42,000 ரூபாய்: பெங்களூர்த் தமிழர்கள் கவனத்துக்கு

இன்று மதியம்தான் உண்மை தெரிந்தது. இன்னொரு குடும்பம் அந்தக் கடைப் படியை மிதிப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் மகள் அமெரிக்காவில் பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையோடு எங்களுடன் பெங்களூரில் வசிக்கிறாள். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், அதைப் புதுப்பிக்க விசா வேலைகள் செய்து தரும் ஓர் ஏஜென்சிக்குப் போனோம்.

நானும் மனைவியும் பேசியதைக் கேட்டதுமே அங்கிருந்தவர் தமிழுக்கு மாறினார். "திருநெல்வேலிப் பக்கமா சார்? நமக்கும் அங்கதான். சின்னப் பிள்ளையை எதுக்கு சென்னை வரைக்கும் அலைய விடுறீங்க, எல்லாம் கூரியர்லயே முடிச்சிரலாம்" என்று சொல்லி, மகள் கையில் ஒரு சாக்லேட்டையும் கொடுத்தார். வெளியூரில் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனம் இளகுவது இயல்பு. அந்த இளக்கத்தைத்தான் அவர் காசாக்கினார். தூதரகக் கட்டணம், அப்பாயின்ட்மென்ட் கட்டணம், ஓசிஐ கட்டணம் என்று கூட்டி 42,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு எப்போது அழைத்தாலும் "சர்வர் டவுன் சார்", "திங்கட்கிழமை வந்துரும் சார்" என்ற பதில்தான். பிறகு அதுவும் நின்று, வேறொரு பெண் எடுத்து "சார் மீட்டிங்ல இருக்காரு" என்றார். இன்று கடையிலேயே உட்கார்ந்து பழைய பாஸ்போர்ட்டைக் கேட்ட பிறகுதான் மேசை இழுப்பறையைத் திறந்தார். எப்போதோ அனுப்பிவிட்டதாகச் சொன்ன உறை, ஒட்டப்படாமல், அதே இழுப்பறையில் கிடந்தது. உள்ளே இருந்தது பெரியவர்கள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் டிஎஸ்-82 படிவம். அது 16 வயதுக்கு முன் பாஸ்போர்ட் வாங்கியவர்களுக்குச் செல்லவே செல்லாது. பணத்தைக் கேட்டதற்கு, "சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாதுன்னு ரசீதுலயே இருக்கே சார்" என்கிறார். 42,000 ரூபாய்!

விரிவாக எழுதும் நிலையில் இப்போது நான் இல்லை. குழந்தைக்கு டிஎஸ்-11 படிவம்தான். பெற்றோர் இருவரும் குழந்தையோடு தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். கர்நாடகத்துக்குச் சென்னைத் துணைத் தூதரகம். அதிகாரி சொல்வதற்கு முன் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டணம் 135 டாலர் மட்டுமே. அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காசு கிடையாது, புதிய பாஸ்போர்ட் விவரத்தை ஓசிஐ தளத்தில் ஏற்றுவதற்கும் கிடையாது. பழைய பாஸ்போர்ட்டை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.