ஊர்வலத்துக்கு அடைமொழி தேடித் தரும் செயலி: ஒலிப் பக்கத்துக்காக மட்டும் வைத்திருக்கிறேன்

ஆவணப்படங்களுக்கு வர்ணனை எழுதுவது என் தொழில். பழைய காட்சித் துண்டுகளை எடுத்துப் பார்த்தால் யாராவது எங்காவது கூட்டமாக நடந்துகொண்டே இருப்பார்கள். பேரணி, அணிவகுப்பு, நடைபயணம், இறுதி ஊர்வலம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதியாக வேண்டும். 'மாபெரும்' என்று எழுதி எழுதி அலுத்துப்போய்த்தான் இந்தச் செயலியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெயர்ச்சொல்லைக் கொடுத்தால் அதற்கு ஏற்ற அடைமொழிகளைத் தரும் என்பது அவர்கள் சொல்வது. பெயர் வேண்டாம். இதே மாதிரி நாலைந்து புழங்குகின்றன, குறைகளும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

'ஊர்வலம்' என்று தட்டினேன். மாபெரும், பிரம்மாண்டமான, எழுச்சிமிகு, வரலாற்றுச் சிறப்புமிக்க, கம்பீரமான, உணர்ச்சிப்பூர்வமான. சரி, சுவரொட்டி அடிக்கத் தயார். இந்த ஆறும் எழுதியவர் அசந்துபோனார் என்பதைத்தான் சொல்கின்றன. நடந்தவர்கள் காலில் செருப்பு இருந்ததா, வரிசை நேராக இருந்ததா, வாய் திறந்தார்களா, எதுவும் தெரியாது. 'பேரணி' கேட்டாலும் இதே பட்டியல், 'அணிவகுப்பு' கேட்டாலும் இதே. 'இறுதி ஊர்வலம்' என்று கொடுத்தபோது மூன்றாவதாக 'மிடுக்கான' வந்து நின்றது. யாருடைய மிடுக்கு?

முதல் பக்கத்தோடு மூடிவிடாதீர்கள். மேல் மூலையில் 'புலன்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதில் 'ஒலி'யைத் தேர்ந்தெடுத்தால் செயலி வேறு ஆளாகிவிடுகிறது. தடதடக்கும், அதிரும், இரைச்சலான, முணுமுணுக்கும், ஓய்ந்த, இறுகிய. கூடவே விறுவிறு, திமுதிமு, சரசர, மடமட என்று இரட்டைக்கிளவிகளுக்குத் தனிப் பகுதி. இலக்கணப்படி பார்த்தால் இவை வினையோடு சேர வேண்டியவை, அடைமொழிப் பட்டியலில் எப்படி வந்தன என்று ஒரு தமிழாசிரியர் கேட்கலாம். எனக்குப் புகார் இல்லை. தமிழில் நடையைக் காட்டும் வேலையில் பாதியை இவைதானே செய்கின்றன. அதோடு, என் வேலைக்கு ஒலிச்சொல்தான் முக்கியம். திரையில் கொடியும் கூட்டமும் தெரிகின்றன. அதன்மேல் 'வண்ணமயமான' என்று ஏன் பேச வேண்டும்? பழைய துண்டுகளில் இல்லாதது சத்தம். அதைச் சொல் கொண்டுவந்தால் போதும்.

சரி என்று எனக்குத் தெரிந்த ஊர்வலங்களை வைத்துச் சோதித்தேன்.

முதலில் 1917 ஜூலை 28, நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ. கிழக்கு செயின்ட் லூயிஸ் நகரில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதைக் கண்டித்துச் சுமார் 10,000 பேர் நடந்தார்கள். முன்னால் குழந்தைகள், வெள்ளை உடையில் பெண்கள், பின்னால் கறுப்பு உடையில் ஆண்கள். கோஷம் கிடையாது. அமுக்கி அடித்த முரசொலி மட்டும். செயலியில் 'மௌன ஊர்வலம்' என்று கொடுத்தால் முதல் பக்கம் 'அமைதியான', 'சாந்தமான', 'சோகமான' என்கிறது. சோகம் பாதி சரி. 'சாந்தமான' கதையையே திருப்பிவிடுகிறது. சாந்தமானவர்கள் முரசை அமுக்கி அடித்துக்கொண்டு தெருவுக்கு வரமாட்டார்கள். ஒலிப் பக்கத்தில் இருந்த 'இறுகிய' என்பதை எடுத்துக்கொண்டேன். 'இறுகிய மௌனத்தில் முரசு மட்டும்' என்று வரி அமைந்தது. இதற்காகச் செயலிக்கு ஒரு நன்றி.

அடுத்தது தண்டி. 1930 மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து 78 தொண்டர்களோடு கிளம்பி ஏப்ரல் 5 அன்று கடற்கரை சேர்ந்த நடை, சுமார் 385 கிலோமீட்டர். செயலி 'நெடிய' என்றது, சரி. 'தளர்ந்த' என்றும் சொன்னது. தூரத்தையும் வயதையும் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கும்போல. அறுபது வயதில் காந்தி கோலை ஊன்றி எட்டிப்போட்ட வேகம் ஊரறிந்த விஷயம். 'விறுவிறுப்பான' என்றும் ஒன்று கொடுத்தது. பொருள் சரிதான், ஆனால் அந்தச் சொல்லைத் திரைக்கதை விமர்சனங்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டன. விறுவிறுப்பான ஊர்வலம் என்றால் இடைவேளைக்குப் பிறகு திருப்பம் இருக்குமா என்று கேட்பார்கள்.

செயலி உண்மையில் தடுமாறுவது வேதாரண்யத்தில். அதே ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் நடந்தார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் உத்தரவு போட்டார். மக்கள் கையில் கொடுக்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். செயலி தந்தது 'தியாகம் நிறைந்த', 'வீரமிகு'. அதன் முதல் பக்கக் கிடங்கில் பெரும்பாலும் 'ஆன', 'மிகு', 'நிறைந்த' என்று முடியும் சொற்கள். நடந்ததைச் சொல்லும் பெயரெச்சத் தொடர் ஒன்றைக்கூடத் தானாகக் கட்டித் தருவதில்லை. 'மரக்கிளைகள் சோறு போட்ட ஊர்வலம்' என்று நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். தமிழில் பளிச்சென்ற அடைமொழி பெரும்பாலும் ஒரு வினையை உள்ளே வைத்திருக்கும். இதை உருவாக்கியவர்கள் வேறேதோ மொழியின் அகராதியை முன்னால் வைத்துக்கொண்டு பட்டியல் போட்டார்களோ என்று சந்தேகம்.

1907 பிப்ரவரியில் வாக்குரிமை கேட்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் லண்டன் மழையில் நடந்ததற்குச் 'சேற்று ஊர்வலம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. செயலியில் சேறு, தூசி, வியர்வை எதுவும் இல்லை. 'தொடுவுணர்வு' பிரிவில் 'மென்மையான', 'குளிர்ந்த' என்று இருக்கிறது. ஊர்வலத்துக்கு.

இராணுவ நடை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு குறை. வேகத்துக்குப் பிரிவே கிடையாது. வழக்கமான குயிக் மார்ச், அதாவது விரைவு நடை, நிமிடத்துக்குச் சுமார் 120 காலடி. வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சுப் படையான ஃபாரின் லீஜன் 88 காலடிதான் வைக்கும். அதனாலேயே பிரான்ஸின் தேசிய நாளான ஜூலை 14 அணிவகுப்பில் காலாட்படைகளில் கடைசியாக வரும். இரண்டுக்கும் 'கம்பீரமான' என்றே போட்டால் எப்படி? ஒன்று துடிப்பான நடை, மற்றது நின்று மிதிக்கும் நடை.

அப்புறம், 'அடுக்கு' என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். மூன்று அடைமொழிகளை ஒரே சொடுக்கில் சேர்த்துக் கொடுக்கும். 'மாபெரும் எழுச்சிமிகு வண்ணமயமான பேரணி.' குரல் கொடுப்பவர் பெயர்ச்சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் காட்சி மாறிவிடும். அணைத்து வையுங்கள்.

பள்ளிக் கட்டுரைக்கோ மேடை அறிவிப்புக்கோ முதல் பக்கமே தாராளம், அதற்கு இப்படி ஒரு செயலியே தேவையில்லை என்பது வேறு விஷயம். கதை, செய்திக் கட்டுரை, வர்ணனை எழுதுகிறவர்கள் நேராக 'புலன்', அதில் 'ஒலி', அங்கே போய்விடுங்கள். இரட்டைக்கிளவிப் பகுதி இலவசப் பதிப்பிலேயே முழுதாகக் கிடைக்கிறது. கட்டணப் பதிப்பில் கூடுதலாக வருவது 'அடுக்கு' மட்டும்தான். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் அந்த 'இறுகிய'வுக்கு.