ஜிப்ஸிக்கு ஸ்பிரிங் ஏற்றிக் கொடுத்த கோவைப் பட்டறை

மாருதி ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். பாறையில், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டியிருக்கும் யு போல்ட்டுதான் முதலில் அடிவாங்கும். நாலு ஸ்பிரிங்கையும் ஆக்சிலுக்கு மேலே ஏற்றச் சொன்னேன். வண்டி சுமார் 5 அங்குலம் உயர்ந்தது.

பின்பக்க வேலைதான் அருமை. ஸ்பிரிங் உட்காரும் புதுத் தட்டுக்கு எடுத்ததும் முழு வெல்ட் வைக்கவில்லை. ரெண்டு பொட்டு மட்டும் வைத்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பாரம் உட்கார்ந்ததும் பினியன் கோணத்தை, அதாவது இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் ஆக்சிலோடு சேரும் இடத்தின் சாய்வை, அளந்தார் மேஸ்திரி. அப்புறம்தான் வெல்ட், அதுவும் விட்டுவிட்டு. ஒரேயடியாக வைத்தால் சூட்டில் ஆக்சில் குழாய் வளைந்துவிடும். இப்போது ப்ராப்பெல்லர் ஷாஃப்டில் அதிர்வே இல்லை. பிரேக் ஹோஸும் நீளமானதாகப் போட்டார்கள்.

ஒரு குறை. லோ கியரில் செங்குத்தாக ஏறும்போது பின் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்கிறது. அதற்கு, ஆக்சில் முறுக்காமல் பிடித்துக்கொள்ளும் டார்க் ராடு என்ற கம்பி வேண்டும் என்று முன்னாடியே சொல்லியிருக்கலாம்.