இதயம் வெளியேற்றும் இரத்த அளவைக் காட்டும் ஃப்ளோட்ராக் சென்சார்: தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரின் மதிப்பீடு

இரத்த அழுத்தம் 110/70 என்று மானிட்டரில் சீராகத் தெரியும்போதே, நோயாளியின் கைகால்கள் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடும் லாக்டேட் ஏறிக்கொண்டிருக்கலாம். இரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், இதயம் நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை அழுத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 1970இல் அறிமுகமான ஸ்வான்-கான்ஸ் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனி வரை செலுத்தி, குளிர்ந்த சலைனை (உப்புநீரை) மூன்று முறையாவது ஏற்றி, இரத்தத்தின் வெப்பநிலை மாற்றத்திலிருந்து வெளியேற்றத்தைக் கணக்கிட்டுச் சராசரி எடுக்கும் முறையே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. எட்வர்ட்ஸ் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த ஃப்ளோட்ராக்கிற்கு மணிக்கட்டில் ஏற்கெனவே உள்ள ஆர்ட்டீரியல் லைனே (அழுத்தம் பார்க்கத் தமனியில் செருகிய குழாயே) போதும்.

இது அழுத்த அலையை நொடிக்கு 100 முறை பதிவு செய்து, 20 நொடிகளில் சேரும் 2000 புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தை நாடித்துடிப்போடும், வயது, பாலினம், உயரம், எடை, அலையின் வடிவம் ஆகியவற்றிலிருந்து பெறும் ஒரு காரணியோடும் பெருக்குகிறது. அதாவது, இதய வெளியேற்றத்தை இது நேரடியாக அளக்கவில்லை, கணிக்கிறது. ஆகவே படுத்திருக்கும் நோயாளியின் உயரத்தைக் கண்மதிப்பில் பதிவு செய்யாமல், டேப் வைத்து அளந்தே பதிவு செய்ய வேண்டும்.

கருவியின் தரத்தில் பாதி செவிலியரின் கையில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. லைனுக்குள் சலைனைத் தள்ளும் பிரஷர் பேக் 300 மி.மீ. பாதரச அழுத்தத்தில் நிற்க வேண்டும். குழாயில் பொடிக் காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. லைனைக் கழுவும் ஃப்ளஷை இழுத்து விட்டதும் திரையில் எழும் சதுர அலை, ஓரிரு அதிர்வுகளுடன் அடங்க வேண்டும். அதிர்வே இல்லாமல் மழுங்கி இறங்கினால், திரையிலுள்ள இதய வெளியேற்ற எண்ணை மருத்துவரிடம் சொல்வதற்கு முன் லைனைச் சரிசெய்ய வேண்டும். கட்டிலை உயர்த்திய பின் அழுத்தத்தை உணரும் டிரான்ஸ்டியூசரை இதய மட்டத்திற்கு மாற்ற மறந்தால், 10 செ.மீ. வித்தியாசமே அழுத்தத்தில் 7 மி.மீ.க்கு மேல் பிழை தரும்.

திரவம் ஏற்றலாமா என்ற கேள்வியில்தான் இந்தச் சென்சார் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. சாய்ந்திருக்கும் நோயாளியின் மேலுடலைத் தாழ்த்திக் கால்களை 45 பாகை உயர்த்தினால், கால்களிலுள்ள இரத்தம் இதயத்தை நோக்கி நகரும். ஒரு நிமிடத்திற்குள் உச்சம் தொட்டுவிடும் அந்த மாற்றத்தை, 20 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் திரையில் கண்கூடாகப் பார்க்கலாம். வெளியேற்றம் 10 சதவீதமோ அதற்கு மேலோ உயர்ந்தால் திரவம் பயன்படக்கூடும். உயராவிட்டால், வீங்கிய நுரையீரலுக்கு இன்னொரு பாட்டில் சுமையிலிருந்து நோயாளியைக் காப்பாற்றியிருக்கிறோம். எஸ்விவி எனப்படும் துடிப்பளவு மாறுபாட்டை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்த அளவு சுவாசத்தோடு எவ்வளவு மாறுகிறது என்பதை, நான் அந்த அளவுக்கு நம்புவதில்லை. ஏறத்தாழ 13 சதவீதத்தைத் தாண்டினால் திரவம் பயன்படக்கூடும் என்ற அதன் எல்லை, தானாக மூச்சு விடாமல், கிலோவுக்கு 8 மி.லி. அளவில் வென்டிலேட்டர் சுவாசம் பெறும், சீரான இதயத்துடிப்புள்ள நோயாளிக்கே பொருந்தும். நுரையீரலைப் பாதுகாக்க 6 மி.லி. வைக்கும் இக்காலத்தில் அத்தகையவர் குறைவு.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத்துடிப்பு), கடுமையான அயோர்ட்டிக் வால்வுக் கசிவு, இதயத்திற்கு உதவ மகாதமனியில் வைக்கும் பலூன் பம்ப் ஆகியவை இருக்கும் இடத்தில் இதைச் சார்ந்திருக்க முடியாது. கடும் தொற்றால் இரத்த அழுத்தம் சரியும் செப்சிஸ் அதிர்ச்சியில் தொடக்ககால மென்பொருள் வெளியேற்றத்தைக் குறைத்துக் காட்டியது. பிந்தைய பதிப்புகள் மேம்பட்டுள்ளன என்றாலும், இரத்தக் குழாய்களை இறுக்கும் நார்அட்ரினலின் மருந்தின் அளவை மாற்றியதும் தெரியும் ஏற்றத்தை அப்படியே ஏற்காமல் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பார்த்து உறுதி செய்வதே முறை.

சென்சார் ஒருமுறை மட்டுமே பயன்படுவது, அதற்கு ஹீமோஸ்ஃபியர் போன்ற தனி மானிட்டரும் தேவை. செலவைக் குடும்பமே சுமக்கும் இடங்களில், ஆர்ட்டீரியல் லைன் உள்ள எல்லோருக்கும் இதைப் பொருத்துவதை நான் ஏற்கவில்லை. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் வென்டிலேட்டரில் இருந்து, மணிக்கு மணி திரவ முடிவு தேவைப்படுவோருக்கு வாங்கலாம். எக்கோ செய்யத் தெரிந்த மருத்துவர் இரவிலும் கிடைக்கும் பிரிவில், மற்றவர்களுக்கு அதுவே போதும்.