ஸ்டோவா, மேட் ரிவர் க்ளென்னா?

இரண்டுமே அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துப் பனிச்சறுக்கு மலைகள். ஸ்டோவை, பல சறுக்கு மலைகளை நடத்தும் வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் 2017இல் வாங்கியதும், பருவம் முழுதும் சறுக்க உதவும் சீசன் பாஸின் விலை மளமளவென இறங்கியது. உள்ளூர்ச் சறுக்கு வீரர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு கூட்டம் பெருகி மலைச்சாலையில் கார்கள் ஊர்ந்தன. 2022இல் வார இறுதி வாகன நிறுத்தத்துக்கு 30 டாலர் கட்டணம் வந்தது, நான்கு பேர் சேர்ந்து வந்தால் இலவசம். புலம்பல் ஓயவில்லை, பாஸை மட்டும் தவறாமல் புதுப்பிக்கிறார்கள்!

மேட் ரிவர் க்ளென்னை 1995 முதல் சறுக்குபவர்களே பங்கு வாங்கிக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். மலையுச்சிக்கு ஏற்றிச்செல்லும், ஒற்றை ஆள் அமரும் பழைய நாற்காலி லிஃப்டை மாற்றாமல், 2007இல் பணம் திரட்டிப் புதுப்பித்தார்கள். செயற்கைப் பனி குறைவு; வானம் பொய்த்தால் திண்டாட்டம்தான். ஒரே பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டுக்குத் தடை என்பது வெறும் வீம்பு. இருந்தாலும் வரிசையில் கால்கடுக்க நிற்பதென்றால், நான் இங்கேதான் நிற்பேன்.