"பழகிவிடும்" என்றால் பணம் கட்டாதீர்கள்

என் மகள் இடது முழங்கைக்குக் கீழே கை வளராமல் பிறந்தவள். நான்கு வயதில், விரல் மடக்கும் மயோஎலக்ட்ரிக் கை, அதாவது தசைக் குறிப்பால் இயங்கும் செயற்கைக் கை, செய்து தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் அவளைக் கூட்டிப் போனோம். பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

பத்தே நிமிடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். முழுப் பணமும் அன்றைக்கே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். தசை இறுகும்போது எழும் மெல்லிய மின்குறிப்பைத் தோலில் ஒட்டி நிற்கும் எலக்ட்ரோடு பிடித்தால்தான் இந்தக் கை இயங்கும். சாக்கெட், அதாவது கை நுழையும் உறை, சரியாக உட்காராவிட்டால் எத்தனை உசத்தி மோட்டாரும் வீண். அதனால் முதலில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் ஒரு சோதனைச் சாக்கெட் போட்டு, எங்கே அழுத்துகிறது என்று பார்ப்பார்களாம். எங்களுக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. பிறகு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்) சொல்லித்தான் இதெல்லாம் தெரிந்தது.

கழற்றியதும் தோல் கொஞ்சம் சிவந்திருப்பது சகஜம். 20 நிமிடம் கழித்தும் மறையவில்லை என்றால் சாக்கெட்டில்தான் கோளாறு. இவளுக்கு மறுநாள் காலைவரை சிவப்பு இருந்தது, மூன்றாம் நாள் கொப்புளம். போன் செய்தால், "பழகிவிடும், பிள்ளை அடம்பிடிக்கிறாள்" என்றார்கள். அதை நம்பி நானும் அவளைத்தான் திட்டினேன்.

ஏழாம் மாதம் சாக்கெட்டுக்குள் கை நுழையவே இல்லை. வளர்கிற பிள்ளைக்கு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை சாக்கெட் மாற்ற வேண்டிவரும் என்று விற்கும்போது யாரும் மூச்சுவிடவில்லை. வாரன்டி மோட்டாருக்கு மட்டுமாம்.

பணம் கட்டுமுன் சோதனைச் சாக்கெட் உண்டா, அடுத்த சாக்கெட் யார் செலவு, பயிற்சி எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். பிள்ளைக்கு எந்த வேலைக்குக் கை தேவைப்படுகிறது என்றும் அவளிடமே கேளுங்கள், நாங்கள் கேட்கவில்லை. செயற்கைக் கை இல்லாமலே நன்றாகச் சமாளிக்கும் பிள்ளைகள் நிறைய. இவள் இப்போது டப்பாவை முழங்கை மடிப்பில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திறக்கிறாள்.

அப்புறம், கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் போட்டோ சம்மதப் படிவமும் இருந்திருக்கிறது. அந்தக் கையோடு முதல் நாள் அவள் சிரித்த படம் அவர்கள் விளம்பரத்தில் ஓடுகிறது. எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை.