ரூட்லெஸ் வாய்சிங்: நீண்ட நாள் புழக்கத்தில் எது நிற்கிறது, எது படுத்துகிறது

ஜாஸ் பியானோவில் கார்டுக்கு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டத்துக்கு, பெயர் தரும் சுரம் ரூட்; அதை விட்டுவிட்டு மற்ற சுரங்களை அடுக்குவதுதான் ரூட்லெஸ் வாய்சிங். சி13 கார்டில் கணக்குப்படி 7 சுரங்கள்: சி, இ, ஜி, பி ஃப்ளாட், டி, எஃப், ஏ. அத்தனையையும் அடுக்கி அழுத்தினால் ஜாஸ் வராது, இரைச்சல்தான் வரும். முதல் குற்றவாளி 11, அதாவது ரூட்டை 1 என்று வைத்து ஸ்கேலில் எண்ணினால் 11-ஆவதாக வரும் எஃப். கீழே இருக்கும் இ-யோடு அது மோதும். அதை எஃப் ஷார்ப்பாக உயர்த்த வேண்டும், இல்லையென்றால் இ-யை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் எஃப் நிற்கும் சஸ் கார்டாக வாசிக்க வேண்டும். மைனர் கார்டில் இந்தத் தொல்லை இல்லை.

கார்டின் குணத்தைச் சொல்வது 3-உம் 7-உம். ரூட்டை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். 5 போனாலும் பெரிதாகத் தெரியாது. மிச்ச விரல்களுக்கு 9, 13, சில கார்டில் 5. ரூட்லெஸ் வாய்சிங் என்பது இவ்வளவுதான். 1950களின் பிற்பாதியில் பில் எவன்ஸ் போன்றவர்கள் இடது கையில் பழக்கிவைத்தது.

சி மேஜரில் டூ-ஃபைவ்-ஒன், அதாவது ஸ்கேலின் 2, 5, 1-ஆம் சுரங்களில் அமையும் மூன்று கார்டுகளின் வரிசை. பியானோவின் நடுவில் உள்ள மிடில் சி-க்குக் கீழே உள்ள எஃப்-இல் தொடங்குங்கள்.

டி மைனர் 9: எஃப், ஏ, சி, இ
ஜி13: எஃப், ஏ, பி, இ
சி மேஜர் 9: இ, ஜி, பி, டி

முதல் மாற்றத்தில் நகர்வது ஒரே விரல்: சி அரை சுரம் இறங்கி பி ஆகிறது. அடுத்ததில் பி அப்படியே நிற்க, மற்ற மூன்றும் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு இறங்குகின்றன. கை தாவுகிறது என்றால் வாய்சிங் தப்பு.

இதே வடிவத்தை ஜி மேஜருக்குக் கொண்டுபோனால் மிடில் சி-யில் தொடங்கி பி வரை ஏறி, வலது கையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே 7-இல் தொடங்கும் இரண்டாவது வடிவம் வேண்டும்: ஏ மைனர் 9-க்கு ஜி, பி, சி, இ, டி13-க்கு ஜி மட்டும் எஃப் ஷார்ப் ஆகும், ஜி மேஜர் 9-க்கு எஃப் ஷார்ப், ஏ, பி, டி. நடுவில் பி-யும் சி-யும் ஒட்டி நிற்பது முதலில் உறுத்தும். பழகினால் அதுதான் ருசி. ஆனால் மிடில் சி-க்குக் கீழுள்ள டி-யையும் தாண்டி இறக்கினால் குழம்பிவிடும். பெடலைக் கார்டுக்குக் கார்டு மாற்றாவிட்டாலும் இதே கதி.

நாளாக ஆகத்தான் இதன் லாபம் தெரிகிறது. ஜி13-இல் ஏ, இ இரண்டையும் அரை சுரம் இறக்குங்கள்: எஃப், ஏ ஃப்ளாட், பி, இ ஃப்ளாட். ஆல்டர்டு டாமினன்ட், அதாவது 9-உம் 13-உம் திரிந்த ஜி கார்டு, தயார். பேஸ் ஜி-க்குப் பதில் டி ஃப்ளாட் வாசித்தால் அதே நான்கு கட்டைகள் டி ஃப்ளாட் 9. ட்ரைடோன் மாற்றீடு (ஒரு டாமினன்ட் கார்டுக்குப் பதில் 6 அரை சுரம் தள்ளியுள்ள கார்டை வைப்பது) என்று பக்கம் பக்கமாக விளக்கப்படுவது விரலுக்கடியிலேயே கிடக்கிறது.

பெரிய குறை, தனியாக வாசிக்கும்போது. பேஸ் இல்லாமல் எஃப், ஏ, சி, இ ஒலித்தால் காது அதை எஃப் மேஜர் 7 என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது இடது கையில் ரூட்டும் 7-உம், வலது கையில் 3-உம் மேல் சுரங்களும் என்று பிரிப்பதே சரி. சி மேஜர் 9-க்கு இடதில் சி, பி. வலதில் இ, ஜி, டி. பயிற்சியையும் இப்படித்தான் தொடங்க வேண்டும். ரூட் காதில் பதியாமல் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் கீ மாறியதும் தடுமாறுகிறார்கள்.

12 கீகளுக்கும் மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு, கார்டுக்கு 4 தட்டு. சி, பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட் என்று முழு சுரமாக இறங்கினால் 6 கீ முடியும். பி-யில் தொடங்கி அதேபோல் இறங்கினால் மிச்ச 6. கை கீழே போய்க் குழம்பத் தொடங்கும் இடத்தில் அடுத்த வடிவத்துக்கு மாறுங்கள்.