கட்டாயத் தடுப்பூசி: புதுச்சேரியும் கடலூரும் தந்த சேவைக்கு எத்தனை மதிப்பெண்?

2021 டிசம்பர் முதல் வாரத்தில் புதுச்சேரி சுகாதாரத் துறை ஓர் உத்தரவு போட்டது. கொரோனா தடுப்பூசி எல்லோருக்கும் கட்டாயம், மறுப்பவர்மீது சட்டப்படி நடவடிக்கை. 1973-ஆம் ஆண்டின் புதுச்சேரி பொதுச் சுகாதாரச் சட்டம், பிரிவு 8, பிரிவு 54(1) ஆகியவற்றைக் காட்டித்தான் அந்த உத்தரவு வந்தது. நாட்டிலேயே முதல்முறையாக ஒரு யூனியன் பிரதேசம் முழுவதற்கும் இப்படி ஒரு கட்டாயம் அறிவிக்கப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, நவம்பரில், தமிழ்நாடு தன் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கையில் எடுத்திருந்தது. ஆனால் அது வேறு மாதிரி: பொது இடங்களுக்கு வருகிறவர்கள் ஊசி போட்டவர்களா என்பதை அந்த இடத்தை நடத்துகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆக புதுச்சேரி–கடலூர் எல்லையிலுள்ள முள்ளோடை சோதனைச் சாவடிக்கு வடக்கே ஒரு விதி, தெற்கே ஒரு விதி. புதுச்சேரியின் பாகூரில் குடியிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் வேலை பார்த்தவருக்கு இரண்டும் பொருந்தின.

உடம்பு யாருடையது, அரசுக்கு அதில் என்ன உரிமை என்ற வாதம் இரு தரப்பிலும் நிறையவே பேசப்பட்டுவிட்டது. இங்கே எடைபோடுவது அந்த வாதத்துக்கு அடியில் இருந்த சேவையை. கட்டாயம் என்று சொல்லும் அரசு, அந்த ஊசியை எப்படிப் போட்டது, சம்மதத்தை எப்படிக் கேட்டது, சான்றிதழில் பிழை வந்தால் எப்படித் திருத்தியது, பின்விளைவு வந்தவரை எப்படி நடத்தியது? இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் கட்டாயம் பற்றிப் பேசவே தகுதி வரும்.

ஊசி போட்ட வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 டோஸ், ஒவ்வொன்றும் 0.5 மி.லி., தோள்பட்டைத் தசையில். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவே கூடாது. குப்பியைத் திறந்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வீடு வீடாகப் போவதில் உள்ள கஷ்டம் இங்கேதான். ஒரு தெருவில் ஊசி போடாதவர் மூன்று பேர்தான் என்றால், மற்ற ஏழு டோஸுக்கு நாலு மணி நேரத்துக்குள் ஆள் பிடிக்க வேண்டும். ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர், ஆஷா என்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் எல்லோரும் முதல் நாளே பட்டியல் எடுத்து, யார் வீட்டில் இருப்பார் என்று விசாரித்து, ஐஸ் பேக் வைத்த கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது இதனால்தான். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 12-இல் தொடங்கிய மெகா முகாம்களில் இந்தத் தொல்லை குறைவு, கூட்டம் தானாகச் சேர்ந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு முகாம் உதவாது. அவருக்கு வீட்டு வாசலுக்கு வந்த செவிலியர்தான் சேவை. இந்தப் பகுதிக்குப் பத்துக்கு ஒன்பது தரலாம்.

ஊசிக்குப் பிறகு 30 நிமிடம் உட்கார வைத்ததையும் இதில் சேர்க்க வேண்டும். பலர் அதை நேர விரயமாக நினைத்து எழுந்து போனார்கள். கடும் ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வரும். முகம் வீங்கும், மூச்சு இழுக்கும், ரத்த அழுத்தம் சரியும். வளர்ந்தவருக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். அது கையிலுள்ள இடத்தில் பிழைப்பார், பைக்கில் பாதி வழியில் இருந்தால் சிரமம். தடுப்பூசிக்குப் பின் அனாபிலாக்சிஸ் என்ற இந்தக் கடும் ஒவ்வாமை வந்து ஒருவர் இறந்ததை 2021 ஜூனில் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு உறுதிசெய்தது. அந்த நாற்காலி சம்பிரதாயத்துக்குப் போட்டதல்ல.

சம்மதம் கேட்டதில் சேவை தடுமாறியது. 2021 ஜனவரியில் கோவாக்சின் ‘மருத்துவப் பரிசோதனை முறையில்’, அதாவது மருந்தை இன்னும் ஆய்வு செய்தபடியே போடும் நிபந்தனையோடு, அனுமதிக்கப்பட்டதால் எழுத்துமூலச் சம்மதப் படிவம் இருந்தது. மார்ச்சில் அந்த நிபந்தனை போனது, படிவமும் போனது. கோவிஷீல்டுக்கு வாய்மொழிதான். வரிசையில் நிற்பதே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. தானாக வந்து நின்ற கூட்டத்துக்கு இது போதும். கட்டாய உத்தரவு வந்த பிறகு போதாது. அபராதமோ வேலையோ கண்முன் நிற்கும்போது ‘சரி’ என்பவரின் வாய்மொழிக்கு என்ன எடை? வில்லியனூர் பக்கம் ஒருவர் ஊசிக்குப் பயந்து மரத்தில் ஏறி உட்கார்ந்த காணொளி அந்த டிசம்பரில் நாடெங்கும் சுற்றியது. அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பயந்தவரை இறக்க வேண்டிய கருவி பேச்சு. இரண்டு நிமிடம் நின்று, ‘என்ன பயம், எந்த மருந்துக்கு உங்களுக்கு அலர்ஜி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறீர்களா’ என்று கேட்பதற்கு இலக்கு நிர்ணயித்த அட்டவணையில் இடமில்லாமல் போனது.

இதே மண்ணில் வேறு ஓர் அனுபவம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தமிழ்நாடு, புதுச்சேரி உட்பட ஐந்து இடங்களில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்தி கிளம்பி, பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்ப மறுத்தார்கள். அப்போது யாரும் சட்டப் பிரிவைக் காட்டவில்லை. ஆசிரியர்களும் மருத்துவர்களும் பெற்றோர் கூட்டம் போட்டுப் பேசினார்கள். தட்டம்மை ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது, தடுக்க 95 சதவீதம் பேருக்கு இரண்டு டோஸ் வேண்டும். கட்டாயத்துக்கு நியாயம் கற்பிக்க இதைவிட வலுவான நோய் கிடையாது. ஆனாலும் 9-ஆம் மாதமும் 16 முதல் 24-ஆம் மாதத்துக்குள்ளும் போடும் எம்.ஆர். ஊசி இன்றும் விருப்பத்தின் பேரில்தான். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாக்கள் குழந்தையோடு உட்கார்ந்திருப்பது அபராதத்துக்குப் பயந்து அல்ல.

சட்டப்படி இந்த உத்தரவுகள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு இரண்டு தீர்ப்புகள் போதும். 2021 ஜூனில் மேகாலயா உயர் நீதிமன்றம், வற்புறுத்திப் போடும் ஊசி தொடக்கத்திலேயே செல்லாது என்றது. கடைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் ஊசி போட்டுக்கொண்ட விவரத்தை அறிவிப்பாக மாட்டிவைக்கட்டும், வாடிக்கையாளர் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்று மாற்று வழியையும் காட்டியது. அடுத்தது உச்ச நீதிமன்றம், தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கு, 2022 மே 2, நீதிபதிகள் எல்.நாகேஸ்வர ராவ், பி.ஆர்.கவாய். அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவில் உடல்மீதான உரிமை அடங்கும், யாரையும் ஊசி போட வற்புறுத்த முடியாது. அதே நேரத்தில், சமூகத்தின் நலனுக்காக அரசு சில கட்டுப்பாடுகளை விதிக்கலாம். அதற்கு மூன்று சோதனை: சட்டத்தின் ஆதாரம் இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சாத அளவில் இருக்க வேண்டும்.

புதுச்சேரி உத்தரவு முதல் சோதனையில் தேறலாம், சட்டப்பிரிவு இருந்தது. பெருந்தொற்று நடந்துகொண்டிருந்ததால் இரண்டாவதிலும் தேறலாம். தடுக்கி விழுவது மூன்றாவதில். ஊசி போடாதவர், போட்டவரைவிட அதிகமாகப் பரப்புகிறார் என்று காட்ட எந்த அரசும் தரவு வைக்கவில்லை என்று நீதிமன்றமே பதிவு செய்தது. டெல்டாவும் ஒமிக்ரானும் வந்த பிறகு ஊசி போட்டவருக்கும் தொற்றியது, அவரும் பரப்பினார். தீவிர நோயையும் சாவையும் ஊசி வெகுவாகக் குறைத்தது, அதில் சந்தேகமில்லை. ஊசி போட்டுக்கொண்டது சரியான முடிவு. ஆனால் ‘பக்கத்து வீட்டுக்காரருக்காக உன்னைக் கட்டாயப்படுத்துகிறேன்’ என்று சொல்வதற்குத் தேவையான சான்று, பரவலைத் தடுக்கும் சான்று. அது மெலிந்துவிட்டது. தமிழ்நாடு பொது இடக் கட்டுப்பாட்டை 2022 ஏப்ரலில் தளர்த்தியது அந்த வகையில் சரியான திசை. புதுச்சேரி உத்தரவுக்குப் பத்துக்கு இரண்டு. சட்ட ஆதாரத்தை வெளிப்படையாக எழுதியதற்காக அந்த இரண்டு.

சான்றிதழ் விஷயத்தில், தடுப்பூசிப் பதிவுக்கான அரசின் கோவின் இணையதளம் பெரும்பாலும் நன்றாகவே உழைத்தது. ஒரு கைபேசி எண்ணில் முதலில் நான்கு பேர், 2022 ஜனவரியிலிருந்து ஆறு பேர். க்யூ.ஆர். குறியீட்டில் மின்கையெழுத்து இருந்ததால் போலியை ஸ்கேன் செய்தே பிடிக்கலாம். எல்லைப் பகுதி மக்களுக்கு வந்த முக்கியத் தொல்லை இது: முதல் டோஸ் புதுச்சேரியில் ஆதாரைக் காட்டி, மகனின் கைபேசி எண்ணில், இரண்டாவது கடலூரில் வாக்காளர் அட்டையைக் காட்டி, சொந்த எண்ணில். தளத்துக்கு இவர்கள் இரண்டு வேறு மனிதர்கள். விளைவு, இரண்டு ‘முதல் டோஸ்’ சான்றிதழ், ‘முழுமையாகப் போட்டவர்’ என்று ஒன்றுமில்லை. உள்நுழைந்து புகார் பகுதியில் இரண்டையும் இணைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பெயர், பிறந்த ஆண்டு, பாலினம், அடையாள அட்டை எண் ஆகியவற்றில் உள்ள பிழையையும் அங்கேதான் திருத்த வேண்டும். திருத்த வாய்ப்பு எல்லையில்லாதது அல்ல, அதனால் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே அனுப்புங்கள்.

இன்னொரு பிழை இதைவிட மோசமானது. போடாத இரண்டாவது டோஸைப் போட்டதாகக் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி. நாள் முடிவில் பட்டியலை மொத்தமாகப் பதிவேற்றும்போதும், இலக்கை எட்ட அவசரப்படும்போதும் இது நடக்கும். 2022 ஜனவரியில் கோவினில் அந்த நிலையை ரத்து செய்யும் வசதி சேர்க்கப்பட்டது. ரத்தான பிறகு விட்டுப்போன டோஸைப் போட்டுக்கொள்ள முடிந்தது. கட்டாயமும் இலக்கும் கைகோத்தால் பதிவேடு பொய் பேசத் தொடங்கும் என்பதால்தான் இந்தக் குறையை இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்விளைவுக் கவனிப்புதான் இந்தச் சேவையின் ஆகப் பெரிய ஓட்டை. காகிதத்தில் அமைப்பு நன்றாக இருக்கிறது. காய்ச்சல், கைவலி சிறிய வகை. மருத்துவமனையில் சேர்த்தாலோ, ஊனம், மரணம் நேர்ந்தாலோ தீவிர வகை. உடனே மாவட்டத்துக்கு அறிக்கைப் படிவம் போக வேண்டும், மாவட்டக் குழு விசாரிக்க வேண்டும், பிறகு காரணம் வகைப்படுத்தப்பட வேண்டும்: மருந்தால் வந்ததா, போட்ட விதத்தால் வந்ததா, பதற்றத்தால் வந்ததா, தற்செயலா, முடிவு சொல்ல முடியாததா. இப்படி வகை பிரித்ததால்தான் கோவிஷீல்டுக்குப் பின் ரத்தக்கட்டு வந்தவர்களை எண்ண முடிந்தது. 2021 மே மாத அறிக்கைப்படி 10 லட்சம் டோஸுக்கு 0.61. மிக அரிது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கைகால் வீக்கம், ஊசி போடாத இடத்தில் சிவப்புப் புள்ளிகள், விடாத தலைவலி, வயிற்றுவலி, பார்வை மங்கல் ஆகியவை 20 நாளுக்குள் வந்தால் சொல்லுங்கள் என்று சுகாதார அமைச்சகமும் அறிவுறுத்தியது. அந்த அறிவுறுத்தல் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் அச்சிட்ட துண்டுச்சீட்டாகப் போயிருக்க வேண்டும். சான்றிதழின் பின்பக்கம் காலியாகத்தானே இருந்தது.

அரிதான அந்தப் பாதிப்பு ஒருவருக்கு வந்துவிட்டால்? பிரிட்டனில் தடுப்பூசியால் 60 சதவீத ஊனம் என்று உறுதியானால் 1,20,000 பவுண்டு ஒரே தவணையாகத் தரும் திட்டம் இருக்கிறது. இந்தியா பெருந்தொற்றுக் காலத்தில் அப்படி ஒன்றை வைக்கவில்லை. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில், தடுப்பூசி தன்விருப்பம், பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தது. டில்லியில் ‘தன்விருப்பம்’, புதுச்சேரியில் ‘கட்டாயம்’. ஊசி போடச் சொல்லும்போது அரசின் குரல் ஓங்குகிறது, பொறுப்பேற்கும்போது குடிமகனைச் சிவில் கோர்ட்டுக்கு அனுப்புகிறது. இந்த இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. இழப்பீட்டுத் திட்டம் வைத்துவிட்டுக் கட்டாயம் கேட்டிருந்தால் எதிர்ப்பவர்களில் பாதிப்பேருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

இன்றைக்கும் எந்தத் தடுப்பூசிக்குப் பின்னாலும் சந்தேகமான பாதிப்பு வந்தால் முறையிட வழி இருக்கிறது. ஊசி போட்ட ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் முதலில் எழுத்தில் கொடுங்கள். ஊசியின் பெயர், குப்பியின் பேட்ச் எண், போட்ட தேதியும் நேரமும், எத்தனை மணி நேரத்தில் அறிகுறி தொடங்கியது, ஏற்கெனவே உள்ள நோய்கள், எடுக்கும் மாத்திரைகள் ஆகியவை இருக்கட்டும். பேட்ச் எண் இல்லாமல் விசாரணை நகராது. சான்றிதழில் பாருங்கள், இல்லாவிட்டால் நிலையத்தின் பதிவேட்டில் கேட்டு வாங்குங்கள். அவர் வாங்க மறுத்தாலோ தள்ளிப்போட்டாலோ, மருந்துப் பக்கவிளைவுகளுக்கான 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு நீங்களே சொல்லலாம். பொதுமக்கள் நிரப்பும் படிவம் தமிழிலும் கிடைக்கும். கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் இதற்கான கண்காணிப்பு மையம் இருக்கிறது, கடலூர்க்காரர்களும் போகலாம். கொடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.